ஓஹையோவில் 60,000 பேர் இல்லை, பிறகு எப்படி மாநிலம் ஆனது? லூசியானா விலை, நில அளவை பற்றியும் சந்தேகம்

கயல்_அண்ணாநகர்

வணக்கம். மெயின்ஸுக்கு வரலாறுதான் விருப்பப்பாடம். அமெரிக்க விடுதலையிலிருந்து உள்நாட்டுப் போர் வரைக்கும் உள்ள பகுதியில் என்னிடம் உள்ள கோச்சிங் நோட்ஸ் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை.

ஓஹையோ ஆற்றுக்கு வடக்கே உள்ள நிலத்துக்கான 1787 வடமேற்கு ஆணைப்படி 60,000 சுதந்திரக் குடிகள் சேர்ந்தால்தான் ஒரு பிரதேசம் மாநிலமாகும் என்று போட்டிருக்கிறது. 1800 கணக்கெடுப்பில் ஓஹையோவில் சுமார் 45,000 பேர்தான். ஆனால் 1803-ல் மாநிலம். எப்படி?

1803-ல் பிரான்சிடம் வாங்கிய லூசியானாவுக்கு ஒரு இடத்தில் 1.5 கோடி டாலர், இன்னொரு இடத்தில் 1.125 கோடி. எது சரி? ரொக்கமா, கடனா? புதிய நிலம் வாங்க அரசியல் சட்டத்தில் இடமே இல்லை என்றால் ஜனாதிபதி ஜெஃபர்சன் எந்த அதிகாரத்தில் வாங்கினார்?

டவுன்ஷிப், செக்‌ஷன் என்று எல்லா நோட்ஸிலும் வருகிறது. அதைப் படமாக எப்படி வரைவது? ஏக்கர் ஒரு டாலர் என்றால் சாதாரண விவசாயியே வாங்கியிருக்கலாமே, ஏன் பெரிய ஆட்கள் கைக்குப் போனது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

மடிப்பாக்கம்_வாத்தியார்

கயல்மா, 60,000 என்பது கீழ்வரம்பு இல்லை. அந்த எண்ணிக்கை வந்துவிட்டால் சேர்த்தே ஆகவேண்டும், அதற்குக் கீழே இருந்தால் காங்கிரஸ் விரும்பினால் சேர்க்கலாம். ஆணையின் ஐந்தாம் பிரிவிலேயே, பொது நலனுக்கு ஒத்துவந்தால் 60,000-க்குக் குறைவாக இருக்கும்போதும் முன்கூட்டியே அனுமதிக்கலாம் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். நோட்ஸ் போடுகிறவர்கள் அந்தக் கடைசி வரியை விட்டுவிடுகிறார்கள்.

படிநிலைகள் இப்படி. முதலில் ஒரு கவர்னர், ஒரு செயலர், மூன்று நீதிபதிகள், எல்லாரும் நியமனம். இவர்கள் புதுச் சட்டம் இயற்ற முடியாது. ஏற்கெனவே உள்ள மாநிலங்களின் சட்டங்களிலிருந்து எடுத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். வயதுவந்த சுதந்திர ஆண்கள் 5,000 பேர் ஆனதும் தேர்ந்தெடுக்கப்பட்ட அவை வரும். ஆனால் ஓட்டுப் போட 50 ஏக்கர், உறுப்பினர் ஆக 200 ஏக்கர் சொந்த நிலம் வேண்டும். கவர்னருக்கு முழு வீட்டோ. காங்கிரஸுக்கு ஒரு பிரதிநிதியை அனுப்பலாம், அவர் பேசலாம், வாக்களிக்க முடியாது. 1799-ல் வடமேற்குப் பிரதேசத்திலிருந்து அப்படிப் போன முதல் ஆள் வில்லியம் ஹென்றி ஹாரிசன், பின்னால் ஜனாதிபதி ஆனவர். மூன்றாவது படிதான் மாநிலம்.

ஓஹையோவில் அவசரம் கட்சி அரசியலால் வந்தது. கவர்னர் ஆர்தர் செயின்ட் கிளேர் ஜெஃபர்சனுக்கு எதிரான ஃபெடரலிஸ்ட் கட்சி. பிரதேசத்தை வேறு விதமாகப் பிரித்துவிட்டால் எந்தத் துண்டிலும் ஆள் சேராது, மாநிலம் தள்ளிப்போகும் என்பது அவர் கணக்கு. ஜெஃபர்சனின் ரிபப்ளிகன் கட்சிக்கோ 1804 தேர்தலில் ஒரு புது மாநிலத்தின் வாக்காளர் குழு வாக்குகள் வேண்டும். 1802 ஏப்ரல் 30 அனுமதிச் சட்டம், நவம்பரில் சில்லிகாத்தியில் அரசியல் சட்ட மாநாடு, அந்த மாதக் கடைசியிலேயே மாநில அரசியல் சட்டம் தயார். அதை மக்கள் வாக்கெடுப்புக்கு விடவே இல்லை.

இதில் ஒரு வேடிக்கை. ‘ஓஹையோ இன்று முதல் மாநிலம்’ என்று தனித் தீர்மானம் எதையும் காங்கிரஸ் அப்போது போடவில்லை. 1953-ல்தான் முன்தேதியிட்டு 1803 மார்ச் 1 என்று முடிவு செய்தார்கள்.

இல்லினாய் இன்னும் மோசம். 1818 அனுமதிச் சட்டத்திலேயே 40,000 போதும் என்று இறக்கிவிட்டார்கள். அந்த 40,000-ஐக் காட்டவும் வழிப்போக்கர்களை எல்லாம் சேர்த்து எண்ணினார்கள்.

பின்னணியாக ஒன்றையும் படித்துக்கொள். மேற்கு நிலம் முதலில் மத்திய அரசின் கையில் இல்லவே இல்லை. வர்ஜீனியா, நியூயார்க், மாசசூசெட்ஸ், கனெடிகட் எல்லாம் உரிமை கொண்டாடின. இவை விட்டுக்கொடுக்கும்வரை நாட்டின் முதல் அரசியல் சட்டமான கூட்டமைப்புச் சட்டத்தில் கையெழுத்துப் போடமாட்டேன் என்று மேரிலாண்ட் 1781 வரை அடம்பிடித்தது. வர்ஜீனியா 1784-ல் ஓஹையோ ஆற்றுக்கு வடக்கே விட்டுக்கொடுத்த பிறகுதான் விற்கவே நிலம் வந்தது. ஜார்ஜியா 1802 வரை இழுத்தது.

---

சங்கிலி66

அளவைப் பகுதியை நான் சொல்கிறேன்.

குந்தர் சங்கிலி ஒன்று 66 அடி, 100 கண்ணி. 80 சங்கிலி ஒரு மைல். 10 சதுர சங்கிலி ஒரு ஏக்கர். நம்ம ஊர் சென்ட் கணக்கும் இதே சங்கிலிதான்: 1 சதுர சங்கிலி 10 சென்ட், 1,000 சதுரக் கண்ணி 1 சென்ட், அதாவது 435.6 சதுர அடி. பத்திரம் பார்த்துப் பழகியவர்களுக்கு அமெரிக்க முறை எளிதில் பிடிபடும்.

1785 மே 20 நில ஆணைப்படி டவுன்ஷிப் என்பது 6 மைலுக்கு 6 மைல் சதுரம். உள்ளே 36 செக்‌ஷன், ஒவ்வொன்றும் 1 சதுர மைல், 640 ஏக்கர். மொத்தம் 23,040 ஏக்கர். படம் வரையும்போது எண் இடுவதில்தான் தவறு நடக்கும். 1785 முறையில் தென்கிழக்கு மூலையில் 1, அங்கிருந்து வடக்கே 6 வரை. அடுத்த வரிசை மறுபடி தெற்கிலிருந்து 7. 1796 சட்டம் அதை மாற்றியது: வடகிழக்கு மூலையில் 1, மேற்கே போய் 6, அதன் கீழே 7, திரும்பிக் கிழக்கே 12, அதன் கீழே 13, மீண்டும் மேற்கே. ஏர் போய்த் திரும்புகிற மாதிரி. பள்ளிக்கு ஒதுக்கிய 16-ஆம் செக்‌ஷன் இரண்டிலும் நடுப்பகுதியில்தான் விழும், ஆனால் ஒரே கட்டத்தில் அல்ல. 1796 முறையையே வரையுங்கள், இன்றும் நடைமுறையில் இருப்பது அதுதான்.

தொடங்கிய இடம் பென்சில்வேனியாவின் மேற்கு எல்லை ஓஹையோ ஆற்றின் வடகரையைத் தொடும் புள்ளி. தொடங்கிய நாள் 1785 செப்டம்பர் 30. தாமஸ் ஹட்சின்ஸ் தலைமை. பூர்வகுடிகள் தாக்கக்கூடும் என்ற பயத்தில் அந்தப் பருவத்தில் சுமார் 4 மைலோடு நிறுத்திவிட்டார்கள்.

எங்கே பிழை வரும்? தேய்மானம் முதல் காரணம். கண்ணி வளையங்கள் தேயத் தேயச் சங்கிலி நீளும். ஒரு சங்கிலிக்கு 1 அங்குலம் நீண்டால் ஒரு மைலுக்கு 80 அங்குலம், 6 அடி 8 அங்குலம். நீண்ட சங்கிலியால் அளந்தால் தரையில் நிலம் அதிகம், ஏட்டில் குறைவு. மேட்டில் ஏறும்போது சங்கிலியைச் சரிவோடு போட்டால் நேர் எதிர், ஏட்டில் அதிகமாகிவிடும். அதனால் செங்குத்தான இடத்தில் 33 அடி அரைச் சங்கிலியைக் கிடைமட்டமாகப் பிடிப்பார்கள். சங்கிலிக்கு ஒன்றாகத் தரையில் குத்தும் கம்பிகளை எண்ணுவதில் ஒன்று தவறினால் முழுச் சங்கிலி போச்சு. திசைக்குக் காந்த ஊசி. இரும்புத் தாது உள்ள மண்ணில் அது பொய் சொல்லும். வில்லியம் பர்ட் 1830-களில் சூரியனை வைத்துப் பார்க்கும் திசைகாட்டி செய்தார். 1844-ல் மிச்சிகனில் அவர் குழுவின் காந்த ஊசி தாறுமாறாக ஆடியதால்தான் அங்கே இரும்புத் தாது இருப்பதே தெரியவந்தது.

இவையெல்லாம் சரியாக இருந்தாலும் பூமி உருண்டை. தீர்க்கரேகைகள் வடக்கே நெருங்கும். 41 டிகிரி அட்சரேகையில் ஒரு டவுன்ஷிப்பின் வட பக்கம் தென் பக்கத்தைவிட ஏறத்தாழ 42 அடி குறையும். (சென்னை 13 டிகிரி, இங்கே போட்டால் 11 அடிதான் வரும்.) அந்தக் குறையை வடக்கு வரிசைக்கும் மேற்கு வரிசைக்கும் தள்ளிவிடுவது விதி. ஆகவே 1 முதல் 6 வரையும், 7, 18, 19, 30, 31-ம் சரியாக 640 ஏக்கர் இருக்காது.

முக்கியமானது 1805 பிப்ரவரி 11 சட்டம். அளவையாளர் நட்டுவிட்ட மூலைக்கல், அடையாளம் கொத்திய மரம், அதுவே எல்லை. பிற்பாடு துல்லியமாக அளந்து தப்பு என்று தெரிந்தாலும் கல்லை நகர்த்த முடியாது. வாங்கியவருக்குப் பட்டா நிச்சயம் வேண்டும் என்பதால் வைத்த விதி. என் பார்வையில் மொத்த ஏற்பாட்டிலும் புத்திசாலித்தனமான வரி இதுதான்.

ஓஹையோ அனுமதிச் சட்டம் வந்த அதே 1802 ஏப்ரலில்தான் பரங்கிமலை அடியில் ஆங்கிலேய அளவையாளர் லாம்ப்டன் அடிக்கோடு அளக்கத் தொடங்கினார். அது வேறு மாதிரி வேலை: ஒரு அடிக்கோட்டை மிகத் துல்லியமாக அளந்து, மற்றதை முக்கோணங்களால் கணக்கிடுவது. அமெரிக்கர்களுக்கு அந்தத் துல்லியத்துக்கு நேரமில்லை, விற்க வேண்டிய அவசரம்.

---

கயல்_அண்ணாநகர்

நன்றி சார், அண்ணா. 1785-ல் ஏக்கர் 1 டாலர். அப்புறம் 2 டாலர், அப்புறம் 1.25 என்று வருகிறது. விலை குறைந்தது ஏன்? 1819 நெருக்கடிக்கும் இதற்கும் தொடர்பு உண்டு என்று ஒரு வரி மட்டும் இருக்கிறது, விளக்கம் இல்லை.

---

சங்கிலி66

ஏக்கர் விலையைப் பார்க்காதீர்கள், குறைந்தபட்சம் எத்தனை ஏக்கர் வாங்கவேண்டும் என்று பாருங்கள். 1785-ல் 1 டாலர்தான், ஆனால் 640 ஏக்கராக வாங்கணும். 640 டாலருக்கு எந்த விவசாயி போவான்? அதே சமயம் ஓஹையோ கம்பெனி 1787-ல் 15 லட்சம் ஏக்கருக்கு ஒப்பந்தம் போட்டது, மதிப்பிழந்த அரசுக் கடன் பத்திரங்களை முகமதிப்பில் கொடுத்தது. உண்மை விலை ஏக்கருக்குப் பத்து சென்ட்டுக்கும் கீழே. பெரிய ஆட்கள் கைக்குப் போன கதை இதுதான்.

1796-ல் 2 டாலர், அதே 640 ஏக்கர். விற்பனை படுத்துவிட்டது. 1800 ஹாரிசன் சட்டம் 320 ஏக்கராக இறக்கி, தவணையும் கொடுத்தது. 320 ஏக்கர் 640 டாலர்: இருபதில் ஒரு பங்கு உடனே, 40 நாளுக்குள் கால் பங்கு வரை, அதாவது 160 டாலர். மீதி இரண்டாம், மூன்றாம், நான்காம் ஆண்டு முடிவுகளில் 160, 160, 160. வட்டி 6%. 1804-ல் 160 ஏக்கர் வாங்கினால் போதும் என்றார்கள்.

பருத்தியும் கோதுமையும் நல்ல விலைக்குப் போனவரை தவணை கட்டினார்கள். பலர் முதல் தவணைக்கு மட்டும் கையில் பணம் வைத்துக்கொண்டு, விலை ஏறினால் விற்றுக் கட்டலாம் என்று நாலு மடங்கு நிலம் எடுத்தார்கள். அதற்கும் மாநில வங்கிகள் நோட்டு அடித்துக் கடன் கொடுத்தன. 1819-ல் ஐரோப்பாவில் விலை விழுந்தது, மத்திய அரசின் உரிமம் பெற்ற இரண்டாம் அமெரிக்க வங்கி கடனை இறுக்கியது. அரசுக்கு வரவேண்டிய நிலப் பாக்கி மட்டும் 2 கோடி டாலருக்கு மேல். கட்டாதவர்களை வெளியேற்றுவதா என்றால் அவர்கள் எல்லாரும் வாக்காளர்கள்.

அதனால் 1820-ல் தவணையை ஒழித்து, விலையை 1.25 ஆக்கி, 80 ஏக்கர் போதும் என்றார்கள். 100 டாலர் ரொக்கம், அன்றே பட்டாவுக்கு வழி. 1832-ல் 40 ஏக்கர், 50 டாலர். 1821 சட்டத்தில் பழைய பாக்கிதாரர் ஒரு பகுதி நிலத்தைத் திருப்பிக் கொடுத்து, கட்டிய பணத்தை மீதிக்கு வரவு வைத்துக்கொள்ளலாம். 1841-ல் முதலில் குடியேறியவருக்கே முன்னுரிமை, 160 ஏக்கர் வரை.

---

வேப்பேரி_வக்கீல்

லூசியானா கணக்கு. இரண்டு எண்ணும் சரி. பிரான்சுக்குப் போனது 6 கோடி பிராங்க், 1.125 கோடி டாலர். அமெரிக்கக் குடிமக்களுக்குப் பிரான்ஸ் தரவேண்டிய பாக்கி 2 கோடி பிராங்க் வரை அமெரிக்க அரசே கட்டும் என்று தனி ஒப்பந்தம், அது 37.5 லட்சம் டாலர். இரண்டும் சேர்த்து 1.5 கோடி. ஒரு டாலருக்கு 5.3333 பிராங்க் என்று ஒப்பந்தத்திலேயே விகிதம் உண்டு, வகுத்துப் பாருங்கள். பரப்பு சுமார் 8,28,000 சதுர மைல், 53 கோடி ஏக்கர். ஏக்கருக்கு 3 சென்ட்டுக்கும் குறைவு.

ரொக்கம் இல்லை. மத்திய அரசின் ஆண்டு வருவாயே அப்போது சுமார் 1.1 கோடி டாலர், பெரும்பகுதி சுங்கத் தீர்வை. 1.125 கோடிக்கு 6% பத்திரம், ஆண்டு வட்டி 6,75,000 டாலர், அசல் 15 ஆண்டு கழித்துத் தவணையாக. நெப்போலியனுக்குப் பத்திரம் தேவையில்லை, போருக்குக் காசு தேவை. லண்டன் பேரிங் நிறுவனமும் ஆம்ஸ்டர்டாம் ஹோப் நிறுவனமும் பத்திரங்களைத் தள்ளுபடியில் எடுத்துக்கொண்டு பணம் கொடுத்தன. பிரிட்டன் 1803 மே மாதமே பிரான்சோடு போருக்குப் போய்விட்டது, லண்டன் வங்கி எதிரிக்குப் பணம் அனுப்புகிறது! பணத்துக்கு நாடு ஏது.

சட்டக் கேள்விக்கு வருவோம். ஜெஃபர்சனே இடமில்லை என்று நினைத்தார், திருத்தம் ஒன்றை வரைந்தும் வைத்தார். ஆனால் ஒப்பந்தத்தில் ஆறு மாதக் கெடு, 1803 அக்டோபர் 30-க்குள் ஒப்புதல் பரிமாற்றம். நெப்போலியன் மனம் மாறலாம் என்று பாரிஸிலிருந்து எச்சரிக்கை வேறு. திருத்தத்துக்கு முக்கால் பங்கு மாநிலங்கள் ஒப்பவேண்டும், ஆறு மாதத்தில் நடக்கிற காரியமில்லை. நிதிச் செயலர் காலட்டின் வாதம் இது: நிலம் பெறுவது எந்த நாட்டுக்கும் இயல்பான உரிமை, ஒப்பந்த அதிகாரத்துக்குள் அது அடங்கும். செனட் அக்டோபர் 20 அன்று 24–7 என்று ஏற்றது. நீதிமன்ற முத்திரை 1828 கேன்டர் வழக்கில் தலைமை நீதிபதி மார்ஷல் கொடுத்தார்: போர் தொடுக்கும் அதிகாரமும் ஒப்பந்த அதிகாரமும் இருந்தால் நிலம் பெறும் அதிகாரமும் உண்டு.

அமெரிக்கத் தூதர்கள் மன்ரோவும் லிவிங்ஸ்டனும் கேட்கப் போனது நியூ ஆர்லியன்ஸையும் ஃபுளோரிடாவையும். 1802 அக்டோபரில் நியூ ஆர்லியன்ஸில் சரக்கு இறக்கி வைக்கும் உரிமையை ஸ்பெயின் அதிகாரி ரத்து செய்தார். மேற்கு விவசாயிகளின் தானியம் முழுக்க அந்த வாய் வழியாகத்தான் வெளியே போகவேண்டும். மறுபக்கம் பிரான்சின் சர்க்கரைத் தீவான ஹைட்டியில் பிரெஞ்சுத் தளபதி லெக்ளேரின் படை மஞ்சள் காய்ச்சலிலும் விடுதலைப் போரிலும் அழிந்தது. சர்க்கரைத் தீவு போனபின் அதற்குச் சோறு போடும் லூசியானா நெப்போலியனுக்கு எதற்கு? ஹைட்டி பற்றி ஒரு வரியாவது விடையில் இருக்கட்டும், பலர் எழுதுவதில்லை.

---

கிண்டி_07

மூன்று பேரும் முதல் படியை விட்டுவிட்டீர்கள். 53 கோடி ஏக்கரை நெப்போலியன் விற்கவில்லை, அவருக்குச் சொந்தமாக நியூ ஆர்லியன்ஸும் சில ஊர்களும் கோட்டைகளும்தான். விற்றது மற்ற ஐரோப்பிய நாடுகளுக்கு எதிரான உரிமை. நிலம் அங்கே வாழ்ந்த பூர்வகுடிகளுடையது, அதைத் தனித்தனி ஒப்பந்தம் போட்டு வாங்கிய பிறகுதான் சங்கிலி உள்ளே போகும். அந்தச் செலவு 1.5 கோடியில் அடங்காது.

வடமேற்கிலும் இதே வரிசைதான். ஆணையின் மூன்றாம் பிரிவு அவர்கள் சம்மதமின்றி நிலம் எடுக்கமாட்டோம் என்கிறது. 1791 நவம்பர் 4-ல் செயின்ட் கிளேர் படையில் 600 பேருக்கு மேல் செத்தார்கள். 1794-ல் அமெரிக்கத் தளபதி வெய்ன் ஃபாலன் டிம்பர்ஸ் போரில் ஜெயித்தார். 1795 கிரீன்வில் ஒப்பந்தத்தில் ஓஹையோவின் பெரும்பகுதி 20,000 டாலர் சரக்குக்கும் ஆண்டுக்கு 9,500 டாலருக்கும் போனது. அது இல்லாமல் 1803 இல்லை.

1804 செயின்ட் லூயி ஒப்பந்தம் இன்னும் தெளிவான உதாரணம். சாக், ஃபாக்ஸ் என்ற பூர்வகுடி மக்களின் பெரும் நிலப்பரப்பு, விலை 2,234.50 டாலர் சரக்கும் ஆண்டுக்கு 1,000 டாலரும். கையெழுத்திட்டவர்களுக்கு நிலம் கொடுக்க அதிகாரமே தரப்படவில்லை என்று அந்த மக்கள் சொன்னார்கள். 1832 பிளாக் ஹாக் போர் அதிலிருந்து வந்தது.

1823 ஜான்சன் எதிர் மெக்கின்டாஷ் தீர்ப்பும் முக்கியம்: பூர்வகுடிகளுக்கு இருப்பு உரிமை உண்டு, ஆனால் அரசைத் தவிர வேறு யாருக்கும் விற்க முடியாது. வாங்குபவர் ஒருவரே என்றால் விலை யார் சொல்வது? 1830 பூர்வகுடி அகற்றல் சட்டம் கீழவையில் 102–97 என்று ஐந்தே வாக்கில் நிறைவேறியது. நாடே ஒருமனதாகச் செய்தது என்று எழுதிவிடாதீர்கள்.

---

வேப்பேரி_வக்கீல்

கிண்டி சொல்வது சரி. 1763 அரச பிரகடனத்திலேயே தனியார் வாங்கத் தடை உண்டு, மார்ஷல் அதைத்தான் நீட்டினார்.

---

கயல்_அண்ணாநகர்

எல்லாருக்கும் நன்றி. கடைசியாக ஒன்று: மிசூரியும் டெக்சாஸும் இந்தப் படிநிலைக்குள் வருமா, விதிவிலக்கா?

---

மடிப்பாக்கம்_வாத்தியார்

மிசூரி உள்ளேதான் வரும், மாட்டிக்கொண்டது கடைசிப் படியில். 1820-ல் அங்கே மொத்தம் 66,586 பேர், அதில் 10,000-க்கு மேல் அடிமைகள். தலைக்கணக்கு இங்கே தகராறே இல்லை. 1819 பிப்ரவரியில் நியூயார்க்கின் கீழவை உறுப்பினர் டால்மேட்ஜ், புதிதாக அடிமைகளைக் கொண்டுவரக்கூடாது என்று நிபந்தனை போட்டார். அந்த ஆண்டுக் கடைசியில் அலபாமா சேர்ந்ததும் அடிமை மாநிலம் 11, அடிமை முறை இல்லாத மாநிலம் 11 என்று செனட்டில் சமம். கீழவையில் வடக்குக்குப் பெரும்பான்மை, செனட்டில் இல்லை, அதனால் மசோதா அங்கும் இங்கும் அலைந்தது. மெய்ன் மாநிலத்தை எதிர்ப் பக்கம் வைத்து, வாங்கிய லூசியானா நிலத்தில் மிசூரிக்கு வெளியே 36°30′ கோட்டுக்கு வடக்கே அடிமை முறை கிடையாது என்று முடித்தார்கள். 1820-ல் அதோடு முடியவில்லை: சுதந்திரக் கறுப்பர்கள் மாநிலத்துக்குள் வரத் தடை என்று மிசூரி தன் சட்டத்தில் எழுத, இன்னொரு சமரசம் செய்து 1821 ஆகஸ்ட் 10-ல்தான் சேர்த்தார்கள்.

டெக்சாஸ் முழு விதிவிலக்கு. 1836 முதல் தனி நாடு, பிரதேச நிலையே இல்லை. 1844 ஜூனில் இணைப்பு ஒப்பந்தத்தை செனட் 35–16 என்று தோற்கடித்தது. மூன்றில் இரண்டு பங்கு கிடைக்காது என்பதால் 1845 மார்ச்சில் இரு அவைகளின் கூட்டுத் தீர்மானமாக, சாதாரணப் பெரும்பான்மையில் முடித்தார்கள். டெக்சாஸ் தன் கடனையும் தன் பொது நிலத்தையும் தானே வைத்துக்கொண்டது. ஆகவே மத்திய அரசின் டவுன்ஷிப் அளவை அங்கே நடக்கவில்லை. வரைபடத்தில் மேற்கு முழுக்க கட்டம் போடும்போது டெக்சாஸை வெற்றாக விட்டுவிடு, முதல் பதின்மூன்று மாநிலங்கள், கென்டகி, டென்னசி இவற்றையும் அப்படியே.